மொட்டை மாடியிலிருந்து ஒரு சுருள் கேலக்ஸி: எம்51 படம் எடுப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டெலஸ்கோப் வாங்கி நிலா, வியாழன், சனி எல்லாம் பார்த்து முடித்தவர்கள் அடுத்துக் கேட்பது பெரும்பாலும் கேலக்ஸி படத்தைப் பற்றித்தான். வான்நோக்கு நிகழ்ச்சிகளிலும் சரி, தொலைபேசியிலும் சரி, அதே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. அவற்றைக் கேட்டவர்களின் பேச்சிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். பதில்கள் எல்லாமே எம்51 என்ற நீர்ச்சுழி கேலக்ஸியை வைத்துத்தான். இதை ஒழுங்காக எடுக்கப் பழகிவிட்டால் மற்ற கேலக்ஸிகளுக்கும் அதே வேலைதான். உயரம், மாதம் போன்ற கணக்குகள் தமிழ்நாட்டு வானத்துக்கானவை. யாழ்ப்பாணத்துக்கும் ஏறக்குறைய பொருந்தும்.

வீட்டு டெலஸ்கோப்புல நிஜமாவே கேலக்ஸி படம் எடுக்க முடியுமா? இல்ல, நாசா படத்தை எடுத்துப் போட்டுக்கிறாங்களா?

நிஜமாகவே முடியும். 80 மி.மீ. லென்ஸ் உள்ள சிறிய டெலஸ்கோப்பிலேயே எம்51-ன் இரண்டு சுருள் கைகளும் பக்கத்துத் துணை கேலக்ஸியும் தெளிவாக விழும். நம் கண் ஒளியைச் சேர்த்து வைக்காது. நொடியின் ஒரு சிறு பகுதியில் வந்ததை மூளைக்கு அனுப்பிவிட்டு அடுத்ததற்குப் போய்விடும். கேமரா சென்சார் நிமிடக்கணக்கில் சேர்த்து வைக்கும். அப்படிச் சேர்த்த நூற்றுக்கணக்கான படங்களைக் கணினியில் ஒன்றாக்கும்போது, கண்ணுக்கு எட்டாத வெளிச்சமும் வெளியே வருகிறது.

ஹப்பிள் தொலைநோக்கியின் புகழ்பெற்ற எம்51 படம் 2005-இல் வெளியானது. அதன் ஆடி 2.4 மீட்டர் அகலம், இருப்பதோ காற்றுக்கு வெளியே. அந்த நுணுக்கம் மாடியில் கிடைக்காது. ஆனால் சுருள், தூசிப் பட்டைகள், இளஞ்சிவப்பு முகில்கள் எல்லாம் கிடைக்கும்.

எத்தனையோ கேலக்ஸி இருக்கே, ஏன் எம்51? ஆண்ட்ரோமெடா தானே பெருசு?

பெரிசுதான், அதுவே சிக்கல். ஆண்ட்ரோமெடா வானத்தில் மூன்று பாகைக்கு மேல் நீள்கிறது, சாதாரண டெலஸ்கோப்பின் சட்டத்துக்குள் அடங்காது. நமக்குச் சாய்ந்து கிடப்பதால் சுருளும் எடுப்பாகத் தெரியாது. எம்51 நம்மைப் பார்த்து ஏறக்குறைய நேராக முகம் காட்டுகிறது. அதன் அகலம் 11 ஆர்க்மினிட் (ஒரு பாகைக்கு அறுபது ஆர்க்மினிட்), அதாவது முழுநிலவில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல். வெளிச்ச அளவு 8.4 மேக்னிடியூட் (எண் கூடக் கூட மங்கல்). தூரம் ஏறத்தாழ 2.8 கோடி ஒளியாண்டு.

எம்101-உம் முகம் காட்டும் சுருள்தான், எம்51-ஐவிட அருகிலும் இருக்கிறது. ஆனால் அதன் வெளிச்சம் பெரிய பரப்பில் விரவிக் கிடப்பதால் நகர வானத்தில் கரைந்துபோகும். முதல் கேலக்ஸியாக அதை எடுத்துச் சலித்துப்போனவர்கள் நிறைய. தெற்கு வானம் திறந்திருக்கிற வீடு என்றால் எம்83 நல்ல மாற்று.

கண்ணை வச்சுப் பார்த்தா அந்தச் சுருள் தெரியுமா?

நகரத்திலிருந்து தெரியாது. நல்ல இருட்டில் 150 மி.மீ. டெலஸ்கோப்பில் இரண்டு சாம்பல் நிறப் பஞ்சுப் பொட்டுகள் தெரியும். 300 மி.மீ. ஆடியும் பழகிய கண்ணும் இருந்தால் சுருளின் சாயல் பிடிபடும். நிறம் எந்த டெலஸ்கோப்பிலும் தெரியாது. மங்கிய ஒளியில் வேலை செய்யும் கண் செல்களுக்கு நிறம் பிரிக்கத் தெரியாது.

எம் எழுத்துப் பட்டியலுக்குச் சொந்தக்காரரான வானியலாளர் சார்ல் மெசியே 1773 அக்டோபரில் இதைக் கண்டபோது அவருக்கும் வெறும் மங்கிய முகில்தான். 1845-இல் அயர்லாந்தின் பிர் கோட்டையில் ராஸ் பிரபு 72 அங்குல ஆடி கொண்ட தன் ராட்சத டெலஸ்கோப்பைத் திருப்பிய பிறகுதான் சுருள் வடிவம் மனிதக் கண்ணில் பட்டது. வானில் ஒரு பொருள் சுருளாக இருக்கிறது என்று அறியப்பட்டது அதுவே முதல் முறை. அவர் கையால் வரைந்த படத்தைத் தேடிப் பாருங்கள். அப்புறம் நீங்கள் மாடியில் எடுக்கும் படத்தை அதன் பக்கத்தில் வையுங்கள். அன்றைக்கு உலகின் மிகப் பெரிய டெலஸ்கோப்பில் கண்ணுக்குத் தெரிந்ததைவிட உங்கள் படத்தில் அதிகம் இருக்கும். இந்த வேலையில் எனக்கு மிகப் பிடித்த விஷயம் அதுதான்.

வானத்துல எங்கே தேடறது? எந்த மாசம்?

வடக்கே சப்தரிஷி மண்டலம். கல்யாணத்தில் அருந்ததி காட்டுவார்களே, அந்த வசிஷ்டர்–அருந்ததி ஜோடி அதன் வால் பகுதியில் நடுவில் இருக்கிறது. வாலின் நுனி நட்சத்திரம் மரீசி, அதாவது அல்கைட். வடக்கு நோக்கி நின்று பார்க்கும்போது, சப்தரிஷி உச்சத்தில் இருந்தால், மரீசிக்குச் சற்று மேலே இடப்பக்கமாக மூன்றரை பாகை தள்ளி எம்51. கையை நீட்டிப் பிடித்தால் இரண்டு விரல் அகலம்.

பிப்ரவரியில் விடியற்காலை நான்கு மணியை ஒட்டி உச்சிக்கு வரும். ஏப்ரல் நடுவில் நள்ளிரவு தாண்டி, மே நடுவில் இரவு பத்தேகால் வாக்கில். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை நம் வானம் தெளிவாக இருக்கும் காலம் என்பதால் மார்ச், ஏப்ரல் அமாவாசை வாரங்களைக் குறித்து வையுங்கள். உச்ச உயரம் சென்னையில் 56 பாகை, மதுரையில் 53, நாகர்கோவிலில் 51. முப்பது பாகைக்கு மேல் ஏழு மணி நேரத்துக்கும் அதிகமாக நிற்கும். தலைக்கு மேல் வராது, வடக்கிலேயே கடக்கும். ஆகவே மாடியின் வடக்குப் பக்கம் தண்ணீர்த் தொட்டி மறைக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

படம் எடுக்கணும்னா பெரிய டெலஸ்கோப் வாங்கணுமா?

வேண்டாம். பணம் போக வேண்டியது டெலஸ்கோப்பைத் தாங்கித் திருப்பும் மவுண்டுக்கு. பூமி சுற்றுவதால் நட்சத்திரங்கள் நகர்ந்துகொண்டே இருக்கின்றன. அந்த நகர்வைப் பிசகில்லாமல் பின்தொடரும் ஈக்வடோரியல் மவுண்ட் இல்லாவிட்டால் எவ்வளவு விலை உயர்ந்த கண்ணாடியும் கோடுகளைத்தான் எடுக்கும். நல்ல மவுண்டில் சின்ன டெலஸ்கோப் நல்ல படம் தரும். பலவீனமான மவுண்டில் பெரிய டெலஸ்கோப்பை ஏற்றினால் மாடியில் யாராவது நடந்தாலே படம் கெடும்.

தாங்கும் எடை என்று மவுண்டில் போட்டிருப்பது பெரும்பாலும் கண்ணால் பார்ப்பதற்கான கணக்கு. படம் எடுக்க அதில் பாதியை ஒட்டி நிறுத்திக்கொள்ளுங்கள். ஆரம்பிப்பவருக்கு 150 மி.மீ. ஆடியும் 750 மி.மீ. குவியத்தூரமும் உள்ள நியூட்டோனியன் (ஆடி டெலஸ்கோப்), அல்லது 80 மி.மீ. ரிஃப்ராக்டர் (லென்ஸ் டெலஸ்கோப்) தாராளம். நியூட்டோனியன் என்றால் கோமா கரெக்டர் ஒன்றும் தேவைப்படும். இல்லாவிட்டால் ஓரத்து நட்சத்திரங்களுக்கு வால் முளைக்கும்.

என்கிட்ட எட்டு அங்குல டாப்சோனியன் இருக்கு. அதுல கேமராவை மாட்டினா போதாதா?

நிலாவுக்குப் போதும், கேலக்ஸிக்குப் போதாது. சாதாரண டாப்சோனியன் கையால் தள்ளித் திருப்புவது, வானத்தைத் தானே பின்தொடராது. கணக்கு இதுதான்: 1200 மி.மீ. குவியத்தூரம், 3.76 மைக்ரான் பிக்சல் என்றால் ஒரு பிக்சலுக்கு 0.65 ஆர்க்செகண்ட் (ஆர்க்மினிட்டில் அறுபதில் ஒரு பங்கு). எம்51 இருக்கும் இடத்தில் வானம் நொடிக்குப் பத்து ஆர்க்செகண்ட் நகர்கிறது. ஒரே நொடியில் பதினாறு பிக்சல் இழுபடும்.

டாப்சோனியனின் கீழே வைக்கும் ஈக்வடோரியல் பிளாட்ஃபார்ம் என்ற சாய்வு மேடை இருந்தால் சில நொடி எக்ஸ்போஷர்களாக நிறைய எடுத்துச் சேர்க்கலாம். மேடை நம் அட்சரேகைக்காகச் செய்யப்பட்டதா என்று பார்த்து வாங்குங்கள். ஐரோப்பாவுக்காகச் செய்த மேடை இங்கே சரியாகப் பின்தொடராது.

சீஸ்டார் மாதிரி ஸ்மார்ட் டெலஸ்கோப் வாங்கினா இந்தத் தலைவலியெல்லாம் இல்லையாமே?

உண்மைதான், அதை மட்டமாகப் பேசுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. சீஸ்டார் எஸ்50-ஐ மாடியில் வைத்து, கைபேசியில் எம்51 என்று தட்டினால் தானே தேடிப் போய், பத்துப் பத்து நொடிப் படங்களாக எடுத்துத் தானே சேர்க்கும். அரை மணியில் சுருள் தெரியும். பள்ளிப் பிள்ளைகளுக்குக் காட்ட இதைவிட நல்ல கருவி இல்லை.

வரம்பு எங்கே என்றால், அதன் குவியத்தூரம் 250 மி.மீ.தான். ஒரு பிக்சலுக்குச் சுமார் 2.4 ஆர்க்செகண்ட், எம்51 மொத்தமும் 275 பிக்சலில் அடங்கிவிடும். கைகளுக்குள் இருக்கும் முடிச்சுகளைப் பிரித்துப் பார்க்க ஆசை வரும்போது அடுத்த கட்டத்துக்குப் போகலாம்.

என் கேமராவும் டெலஸ்கோப்பும் பொருந்துமான்னு எப்படிக் கணக்குப் போடறது?

பிக்சல் அளவை மைக்ரானில் எடுத்து 206-ஆல் பெருக்கி, குவியத்தூரத்தை மி.மீ.-இல் எடுத்து வகுங்கள். ஒரு பிக்சல் வானத்தில் எத்தனை ஆர்க்செகண்ட் என்று கிடைக்கும். 3.76 மைக்ரானும் 750 மி.மீ.-உம் என்றால் ஏறத்தாழ 1.03. எம்51 அப்போது 640 பிக்சல் அகலம் விழும். பார்க்க நிறைவாக இருக்கும்.

ஒன்றிலிருந்து இரண்டு ஆர்க்செகண்டுக்குள் இருப்பது நம் ஊர்க் காற்றுக்கு ஏற்றது. அதற்குக் கீழே போனாலும் புது நுணுக்கம் எதுவும் சேராது, காற்றின் நடுக்கத்தைத்தான் பெரிதாக்கிப் பார்ப்பீர்கள்.

துருவ நட்சத்திரமே கண்ணுக்குத் தெரியலையே, போலார் அலைன்மென்ட் எப்படிப் பண்றது?

மவுண்டின் அச்சை வானத்தின் துருவத்துக்கு நேராக வைப்பதுதான் போலார் அலைன்மென்ட். நம் பக்கத்து ஆட்கள் எல்லாருக்கும் உள்ள கஷ்டம் இது. துருவத்தின் உயரம் அந்த ஊரின் அட்சரேகைதான்: சென்னையில் 13 பாகை, மதுரையில் பத்து, நாகர்கோவிலில் எட்டு. அந்த உயரத்தில் கட்டடம், தென்னை, புழுதி எல்லாம் குறுக்கே வரும். தெரிந்தாலும் இன்னொரு சிக்கல் உண்டு. அடிவானத்துக்கு அருகில் காற்று ஒளியை வளைப்பதால், பத்துப் பாகை உயரத்தில் நட்சத்திரம் உண்மையான இடத்தைவிட ஐந்து ஆர்க்மினிட் மேலே தெரியும். அதை நம்பி மவுண்டைத் திருப்பினால் அந்தப் பிழையும் கூடவே வரும்.

ஆகவே துருவத்தையே பார்க்காமல் செய்யும் முறைகளுக்குப் பழகுங்கள். நினா என்ற இலவச மென்பொருளில் மூன்று புள்ளி போலார் அலைன்மென்ட் என்ற துணைநிரல் இருக்கிறது. வானத்தின் எந்தப் பகுதியிலும் மூன்று படம் எடுத்து, ஒவ்வொன்றிலும் உள்ள நட்சத்திரங்களை அடையாளம் கண்டு, மவுண்டின் அச்சு எவ்வளவு விலகியிருக்கிறது என்று சொல்லிவிடும். கணினி இல்லாதவர்களுக்குப் பழைய டிரிஃப்ட் முறை இருக்கிறது. தெற்கு உச்சியில், வான நடுக்கோட்டுக்கு அருகில் உள்ள நட்சத்திரம் வடக்கே தெற்கே நழுவினால் மவுண்டின் திசை பிழை. கிழக்கே தாழ்வாக உள்ள நட்சத்திரம் நழுவினால் உயரம் பிழை. பொறுமை வேண்டும், ஆனால் துல்லியத்தில் குறைவில்லை.

இன்னொன்று: அட்சரேகை குறைவான ஊரில் மவுண்டின் அச்சு படுக்கையாகச் சாய்வதால் எடைக்கம்பி டிரைபாட் காலில் இடிக்கக்கூடும். வாங்கும் முன்பே, மவுண்ட் எட்டுப் பாகை வரை இறங்குமா என்று கேளுங்கள். தலைக்கும் டிரைபாடுக்கும் நடுவில் ஒரு உயரக் குழாய் வைத்தால் இடிப்பது நிற்கும். எதிர் எடையே தேவைப்படாத ஹார்மோனிக் மவுண்டுகளில் இந்தத் தொல்லை குறைவு.

கைடிங் கட்டாயமா?

ஒரு நட்சத்திரத்தைத் தனிக் கேமராவில் கவனித்து, மவுண்டின் பிசகை அவ்வப்போது திருத்துவதுதான் கைடிங். 500 மி.மீ.-க்கு மேல் குவியத்தூரம் என்றால் ஆமாம், கட்டாயம். சின்னக் கைடுஸ்கோப், அதில் ஒரு சின்னக் கேமரா, பிஎச்டி2 என்ற இலவச மென்பொருள், இவ்வளவுதான். சராசரிப் பிழை ஒரு ஆர்க்செகண்டுக்குள் இருந்தால் நிம்மதியாக உட்காரலாம். மாடி என்றால் டிரைபாட் கால்களைத் தூண் அல்லது சுவருக்கு நேர் மேலே வையுங்கள்; தளத்தின் நடுவில் அதிர்வு அதிகம்.

ஒரு படத்துக்கு எவ்வளவு நேரம் விடணும்? ஒரேயடியா ஒரு மணி நேரம் திறந்து வச்சா என்ன?

ஒரு மணி நேரத்தில் ஒரு விமானமோ செயற்கைக்கோளோ குறுக்கே போனால் மொத்தமும் வீண். நட்சத்திரங்களும் கேலக்ஸியின் மையமும் வெளுத்துப் போகும். சிறிய துண்டுகளாக எடுத்தால், கெட்ட துண்டுகளை மட்டும் தூக்கிப் போடலாம். சேர்க்கும்போது, ஒரே ஒரு படத்தில் மட்டும் இருக்கிற கோட்டை மென்பொருளே நீக்கிவிடும். ஸ்டார்லிங்க் கோடுகளுக்குப் பயப்படுகிறவர்களுக்கும் இதுதான் பதில்.

எஃப்5 டெலஸ்கோப்புக்கு (குவியத்தூரம் ஆடியின் அகலத்தைப் போல் ஐந்து மடங்கு) நகரத்தில் 30 முதல் 60 நொடி, கிராமத்து இருட்டில் இரண்டு மூன்று நிமிடம். கேமரா காட்டும் ஹிஸ்டோகிராம் என்ற வெளிச்ச வரைபடத்தின் மேடு இடது ஓரத்தைவிட்டு நன்றாக விலகி நின்றால் போதும். அதற்கு மேல் ஒவ்வொரு துண்டையும் நீட்டுவதில் லாபம் இல்லை.

அப்போ மொத்தமா எத்தனை மணி நேரம் எடுத்தா நல்லா வரும்?

எல்லாக் கேள்விகளிலும் இதற்குத்தான் அதிக இடம் கொடுப்பேன். கேலக்ஸியின் ஒளி நேரத்துக்கு நேர் விகிதத்தில் சேரும். படத்தில் புள்ளி புள்ளியாகத் தெரியும் இரைச்சல் நேரத்தின் வர்க்கமூலத்தில்தான் கூடும். ஆகவே ஒரு மணி நேரம் எடுத்த படத்தைவிட இருமடங்கு சுத்தமான படம் வேண்டுமானால் நான்கு மணி நேரம் வேண்டும். அதைவிட இருமடங்கு என்றால் பதினாறு.

நடைமுறையில், புறநகர் வானத்தில் ஒரு மணி நேரத்தில் சுருள் தெரியும். மூன்று நான்கு மணியில் தூசிப் பட்டைகள் பிரியும். எட்டு மணிக்கு மேல் போனால், துணை கேலக்ஸியைச் சுற்றி வெளியே வீசியெறியப்பட்டிருக்கும் நட்சத்திரங்களின் மங்கலான திரை எட்டிப் பார்க்கும். ஒரே இரவில் முடிக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. இன்று மூன்று மணி, அடுத்த வாரம் இரண்டு மணி, அடுத்த அமாவாசைக்கு மீதி என்று சேர்க்கலாம். அடுத்த வருடமும் சேர்க்கலாம். எம்51 எங்கேயும் போய்விடாது. ஒரு சீசனில் இருபது கேலக்ஸிகளை ஆளுக்கு அரை மணி எடுப்பவரைவிட, ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டே இருப்பவருக்குத்தான் நல்ல படம் அமையும் என்பது என் உறுதியான கருத்து.

நான் சென்னை நடுவுல இருக்கேன். லைட் பொல்யூஷன் ஃபில்டர் போட்டா சரியாகிடுமா?

கேலக்ஸிக்குச் சரியாகாது. ஓரியன் போன்ற முகில்கள் சில குறிப்பிட்ட நிறங்களில் மட்டும் ஒளிர்வதால் ஃபில்டர் அவற்றை வடிகட்டிக் கொடுக்கும். கேலக்ஸி கோடிக்கணக்கான நட்சத்திரங்களின் ஒளி. எல்லா நிறமும் இருக்கும். தெருவில் வெள்ளை எல்இடி, வானத்தில் வெள்ளைக் கேலக்ஸி. ஒன்றை வெட்டினால் மற்றதும் வெட்டுப்படும். 656.3 நானோமீட்டர் ஹைட்ரஜன்-ஆல்ஃபா ஃபில்டரால் கைகளில் உள்ள இளஞ்சிவப்பு முகில்களை மட்டும் தனியாக எடுத்துச் சேர்க்கலாம், அவ்வளவுதான்.

நகர நடுவின் வானம் நல்ல இருட்டு வானத்தைவிட மூன்றரை மேக்னிடியூட் வெளிச்சமாக இருந்தால், அது 25 மடங்கு. இருட்டில் ஒரு மணி நேரத்தில் கிடைப்பதற்கு அங்கே 25 மணி நேரம் ஆகும். மேலே சொன்ன வர்க்கமூலக் கணக்கோடு சேர்த்துப் பாருங்கள். வருடத்துக்கு இரண்டு இரவு காரில் கிளம்பி ஜவ்வாது மலைப் பக்கம் போவது எந்த ஃபில்டரைவிடவும் மேல். காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம் அமைந்திருப்பதும் அந்த மலையில்தான்.

ராத்திரி பத்து மணிக்கு நட்சத்திரம் எல்லாம் கொதிக்குதே?

பகலெல்லாம் வெயில் குடித்த கான்கிரீட் தளம் நள்ளிரவு வரை சூட்டைக் கக்குகிறது. சூடான காற்று டெலஸ்கோப்புக்கு முன்னாலேயே எழும்புவதால் நட்சத்திரம் நடுங்கும். மாலையில் தளத்தில் தண்ணீர் ஊற்றிக் குளிர வையுங்கள், டெலஸ்கோப்பையும் இரண்டு மணி நேரம் முன்பே வெளியே வையுங்கள். முக்கியமான படங்களை நள்ளிரவுக்கு மேல் எடுங்கள். மண் தரையுள்ள கொல்லை இருந்தால் அது மாடியைவிட நல்லது.

கடலோர ஊர்களில் இதற்கு மேல் பனியீரம். ரிஃப்ராக்டர் லென்ஸில் ஹீட்டர் பட்டை கட்டாமல் விடியும்வரை ஓட்ட முடியாது. வேலை முடிந்ததும் ஈரத்தோடு மூடிப் பெட்டியில் வைத்தால் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும். உலர விட்டு, சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள்.

டார்க், ஃப்ளாட்டுன்னு சொல்றாங்களே, அதெல்லாம் எடுத்தே ஆகணுமா?

எடுத்தே ஆக வேண்டும். டார்க் என்பது மூடியைப் போட்டு, அதே எக்ஸ்போஷர், அதே சென்சார் வெப்பத்தில் எடுப்பது. சென்சாரின் சொந்தக் குறைகள் அதில் பதியும். சென்சாரின் இருட்டு மின்னோட்டம் ஏறக்குறைய ஆறு டிகிரிக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். 28 டிகிரி இரவில் டிஎஸ்எல்ஆர் உள்ளே இன்னும் சூடு. குளிரூட்டிய கேமராவுக்கு இங்கே இருக்கும் மதிப்பு அதனால்தான். டிஎஸ்எல்ஆர் மட்டுமே இருந்தால் டார்க்கை அதே இரவில், படம் முடிந்த கையோடு எடுங்கள்.

ஃப்ளாட் என்பது சமமான வெள்ளை வெளிச்சத்தை எடுப்பது. ஓர இருட்டும் தூசி வளையங்களும் அதில்தான் கழியும். டெலஸ்கோப் வாயில் வெள்ளைத் துணி கட்டி விடியற்கால வானத்தை எடுத்தால் போதும். கேமராவைத் திருப்பவோ ஃபோகஸை நகர்த்தவோ கூடாது.

எல்லாத்தையும் ஸ்டாக் பண்ணிட்டேன், படம் கறுப்பா இருக்கு. எங்கே தப்பு?

தப்பே இல்லை. சேர்த்த படத்தில் கேலக்ஸியின் வெளிச்சம் அளவுகோலின் அடிமட்டத்தில் நெருக்கிக் கிடக்கிறது. அதை இழுத்து மேலே கொண்டுவருவதுதான் ஸ்ட்ரெச். இலவசமான சிரில் மென்பொருளில் முதலில் ஓரங்களை வெட்டி, பின்னணியின் சாய்வு வெளிச்சத்தை நீக்கி, நிறத்தைச் சரிசெய்து, அதன் பிறகு ஸ்ட்ரெச் செய்யுங்கள். வரிசை மாறினால் நிறம் குழம்பும். ஒரேயடியாக இழுக்காமல் சிறிது சிறிதாக இழுத்தால் மையம் வெளுக்காது. பின்னணியை முழுக் கறுப்பாக்க வேண்டாம். அந்தச் சாம்பலில்தான் மங்கிய வெளிக்கைகள் இருக்கின்றன.

அந்த நீலமும் சிவப்பும் உண்மையா, நாம பூசுறதா?

நிறம் சென்சாரில் பதிந்ததுதான், நாம் அதன் அடர்த்தியைக் கூட்டுகிறோம். படத்தில் உள்ள நட்சத்திரங்களை, நட்சத்திரங்களை அளந்த கையா விண்கலத்தின் பட்டியலோடு ஒப்பிட்டு நிறத்தைச் சரிசெய்யும் வசதி சிரிலில் இருக்கிறது. அதைப் பயன்படுத்தினால் சொந்த ரசனைக்கு அதிக இடம் இருக்காது. மையம் மஞ்சள், ஏனென்றால் அங்கே வயதான நட்சத்திரங்கள். கைகள் நீலம், இளம் நட்சத்திரக் கொத்துகள். இளஞ்சிவப்புப் பொட்டுகள் புது நட்சத்திரங்கள் பிறக்கும் ஹைட்ரஜன் முகில்கள். மாற்றியமைக்காத டிஎஸ்எல்ஆரில் அந்தச் சிவப்பின் பெரும்பகுதியை உள்ளே இருக்கும் ஃபில்டரே தடுத்துவிடும். பொட்டுகள் மங்கலாக வந்தால் கவலை வேண்டாம்.

ஏஐ வச்சு ஷார்ப் பண்ணினா அது நம்ம படமா?

கருவியைப் பொறுத்தது. வானியல் படங்களுக்கென்றே பழக்கப்பட்டு, நட்சத்திரம் எவ்வளவு கலங்கியிருக்கிறது என்று அளந்து அதைத் திருத்துபவை ஒரு வகை. அளவோடு பயன்படுத்தினால் எனக்கு மறுப்பில்லை. கைபேசியில் வரும் பொதுவான படக்கருவிகள் இன்னொரு வகை. அவை எங்கோ பார்த்த சுருளின் நுணுக்கத்தை உங்கள் படத்தில் வரைந்துவிடும். சோதிக்க எளிய வழி, ஹப்பிள் படத்தோடு ஒப்பிடுவது. அங்கே இல்லாத முடிச்சு உங்கள் படத்தில் இருந்தால் அதை விட்டுவிடுங்கள். கடைசிக் கேள்விக்கு வரும்போது இது ஏன் முக்கியம் என்று புரியும்.

என் படத்துல சுருள் எதிர்ப்பக்கமா சுத்துது. ஏன்?

படத்தைத் திருப்பிப் பாருங்கள். எந்தக் கோணத்தில் திருப்பினாலும் மற்றவர்கள் படத்தோடு பொருந்தவில்லை என்றால் அது கண்ணாடிப் பிம்பம். நியூட்டோனியனில் இரண்டு ஆடிகள், ஆகவே பிம்பம் மாறாது. கேமராவுக்கு முன்னால் டயகனல் (ஒளியைப் பக்கவாட்டில் திருப்பும் சிறு ஆடி) மாட்டியிருந்தால் மாறும். அதைக் கழற்றிவிட்டு எடுங்கள். அதுவும் இல்லை என்றால் ஃபிட்ஸ் என்ற வானியல் படக் கோப்புதான் காரணம். சில மென்பொருள்கள் அதை மேலிருந்து கீழாகவும் சில கீழிருந்து மேலாகவும் படிக்கின்றன. ஒருமுறை செங்குத்தாகப் புரட்டினால் சரி.

பக்கத்துல இருக்கற குட்டி கேலக்ஸி என்ன? ரெண்டும் மோதுதா?

அது என்ஜிசி 5195. பியர் மெஷான் 1781-இல் கண்டார். பெரிய கேலக்ஸியின் கை நீண்டு அதைத் தொடுவதுபோலத் தெரிகிறது, ஆனால் என்ஜிசி 5195 சற்றுப் பின்னால் இருக்கிறது. கையிலுள்ள தூசி அதன் முகத்துக்குக் குறுக்கே கறுப்பாக ஓடுவதை நாலைந்து மணி நேரப் படத்தில் நீங்களே பார்க்கலாம். எது முன்னால் என்பதற்கு அதுவே சாட்சி.

இரண்டும் அருகில் கடந்தபோது ஈர்ப்பு விசையால் ஒன்றையொன்று இழுத்திருக்கின்றன. அப்படி இழுபட்டால் இந்த வடிவம் உண்டாகும் என்று அலார் டூம்ரே, யூரி டூம்ரே சகோதரர்கள் 1972-இல் கணினிக் கணக்கில் காட்டினார்கள். மேலே சொன்ன மங்கலான திரையும் அதே இழுபறியில் வெளியே வந்ததுதான். படத்தில் இன்னும் சில மங்கிய பொட்டுகள் இருக்கும். ஐசி 4277, ஐசி 4263 போன்றவை. அவையும் தனித்தனிக் கேலக்ஸிகள்.

2.8 கோடி வருஷத்துக்கு முந்தின ஒளின்னா, என் படத்துல இருக்கறதெல்லாம் ஒரே சமயத்துல கிளம்பினதா?

இல்லை. எம்51-ன் குறுக்களவு ஏறத்தாழ 80 முதல் 90 ஆயிரம் ஒளியாண்டு. நேராக முகம் காட்டுகிறது என்று சொன்னாலும் இருபது பாகை அளவுக்குச் சாய்வு உண்டு. ஆகவே நமக்கு அருகில் உள்ள விளிம்பின் ஒளி, எதிர் விளிம்பின் ஒளியைவிட இருபதாயிரம் ஆண்டுக்கு மேல் பிந்திக் கிளம்பியது. இரண்டும் ஒரே இரவில் உங்கள் சென்சாரில் வந்து விழுகின்றன.

போன மாசப் படத்துல இல்லாத புள்ளி இந்த மாசம் இருக்கு. சூப்பர்நோவாவா?

இருக்கலாம். நட்சத்திரம் வெடிப்பதுதான் சூப்பர்நோவா, எம்51-ல் அது அரிதல்ல. 1994, 2005, 2011 என்று பதினேழு ஆண்டுகளில் மூன்று வெடித்தன. 2011-இல் வந்த 2011டிஎச்-ஐ முதலில் கண்டவர்கள் அமெச்சூர்கள். உச்சத்தில் அது ஏறத்தாழ 12.5 மேக்னிடியூட் வரை வந்தது, மாடி டெலஸ்கோப்புக்கு எளிய இலக்கு.

அவசரப்படாமல் சோதியுங்கள். சேர்த்த படத்தை விட்டுவிட்டுத் தனித்தனித் துண்டுகளைப் பாருங்கள். எல்லாவற்றிலும், நட்சத்திரங்களோடு சேர்ந்தே நகர்ந்து இருக்கிறதா? சென்சாரின் கெட்ட பிக்சல் என்றால் நட்சத்திரங்கள் நகர்ந்தாலும் அது அதே பிக்சலில் நிற்கும். ஷார்ப் செய்யாத படத்திலும் இருக்கிறதா? ஏஐ கேள்வியில் சொன்னது இதற்காகத்தான். ஒரு மணி நேர இடைவெளியில் இடம் மாறினால் சிறுகோள். ஆனால் எம்51 ராசி வட்டத்திலிருந்து வெகு தூரம் என்பதால் அதற்கு வாய்ப்பு குறைவு. இணையத்தில் உள்ள பழைய படங்களில் அதே இடத்தில் நமக்கும் எம்51-க்கும் இடையில் உள்ள நட்சத்திரம் ஏதாவது இருக்கிறதா என்றும் பாருங்கள்.

எல்லாம் தேறினால், புது வெடிப்புகளைப் பதியும் டிரான்சியன்ட் நேம் சர்வர் என்ற இணையப் பட்டியலில் வேறு யாராவது பதிந்திருக்கிறார்களா என்று தேடுங்கள். இல்லை என்றால் அங்கேயே கணக்குத் தொடங்கி, படம் எடுத்த நேரத்தை உலக நேரத்தில் மாற்றி, இடக் குறியீடு, வெளிச்ச அளவு ஆகியவற்றோடு அனுப்பலாம். அந்த இடம் காலியாக இருந்த உங்கள் கடைசிப் படத்தின் தேதியையும், அதில் எந்த மேக்னிடியூட் வரை தெரிந்தது என்பதையும் மறக்காமல் சேருங்கள். வெடிப்பு எப்போது தொடங்கியது என்று கணக்கிடுபவர்களுக்கு அந்த வெற்று இடமும் புதுப் புள்ளி அளவுக்கே தேவை.